முழங்கால் வலிக்கு ஊசியா, பயிற்சியா, அறுவைச் சிகிச்சையா? மொரிஷியசிலிருந்து ஓர் ஒப்பீடு

ரோஸ் ஹில்லில் நான் இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் அறையின் சன்னலைத் திறந்தால் கோர் தெ கார்த் மலை தெரியும். அதன் சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு இந்த ஆண்டும் படியேறிவிட வேண்டும் என்ற ஆசையோடு, தைப்பூசத்துக்கு ஒன்பது வாரம் இருக்கையில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். வயது 63. முப்பது ஆண்டுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்றே பாடம் நடத்தியவர். பத்தாண்டாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் பையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து மேசைமேல் வைத்து, "தம்பி, மூட்டு தேய்ஞ்சு போச்சாம். எலும்பும் எலும்பும் உரசுதாம். ஒரு பிகீர் போட்டுக்கிட்டா மலையேறிடலாம்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். ஊசியை இங்கே கிரியோல் வழக்கில் பிகீர் என்போம்; முழங்காலுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியைத்தான் அவர் குறிப்பிட்டார்.

இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் வாரந்தோறும் கேட்கிறேன். சிலர் ஊசியைப் பற்றிக் கேட்கிறார்கள், சிலர் சென்னைக்குப் போய் மூட்டை மாற்றிக்கொண்டு வரலாமா என்கிறார்கள், பலர் "கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்" என்று தாமே முடிவு செய்துகொண்டு இரண்டு ஆண்டு கழித்து வருகிறார்கள். ஆகவே, நடுவயதுக்கு மேல் வரும் முழங்கால் மூட்டழற்சிக்கு முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எதை எப்போது தேர்ந்தெடுக்கலாம் என்று எனக்குத் தெரிந்தவரை எழுத முயல்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோருக்குப் பயிற்சிதான் முதல் வழி, ஊசி அதற்குத் துணை, அறுவைச் சிகிச்சை உரிய நேரத்தில் வரும்போது அதைத் தள்ளிப்போடக் கூடாது. கடைசியாகச் சொன்னதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், வலி உண்மையிலேயே மூட்டழற்சியால் வருவதுதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வயது 45 அல்லது அதற்கு மேல், நடந்தால் ஏறினால் இறங்கினால் கூடும் வலி, காலையில் எழும்போது இறுக்கம் இல்லாமை அல்லது அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும் இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் எக்ஸ்ரே இல்லாமலேயே மருத்துவர் இந்த முடிவுக்கு வரலாம். எங்கள் தீவுகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2005, 2006 ஆண்டுகளில் இந்தியப் பெருங்கடல் தீவுகளில் பரவிய சிக்குன்குன்யா, அண்டைத் தீவான ரீயூனியனில் மட்டும் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரைத் தொட்டுச் சென்றது. 2025இல் அது ரீயூனியனுக்கும் மொரிஷியசுக்கும் மீண்டும் வந்தது. அந்தக் காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மூட்டு வலி நீடிக்கும். மணிக்கட்டு, விரல், கணுக்கால் என்று பல மூட்டுகள் ஒன்றாக வலித்து, காலை இறுக்கம் வெகுநேரம் விடாமல் இருந்தால் அது வேறு கதை. அதற்கு வேறு சிகிச்சை. மூட்டு சூடாகிச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால், மடக்கிய கால் மடக்கியபடியே சிக்கிக்கொண்டால், கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால், என்னிடம் வர வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆசிரியைக்கு இவை எதுவும் இல்லை. படத்தில் இருந்த மாற்றமும் நடுத்தரமானதுதான். எக்ஸ்ரேயில் தெரியும் மாற்றத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் கெல்கிரன், லாரன்ஸ் அளவுகோல் 1957 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால், படத்தின் தரமும் வலியின் அளவும் கைகோத்துச் செல்வதில்லை. மூன்றாம் தரத்தோடு சந்தைக்குப் போய்ச் சுமையோடு திரும்பி வருபவரையும், இரண்டாம் தரத்தோடு கழிப்பறைக்குப் போகவே தயங்குபவரையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். படத்துக்குச் சிகிச்சை அளிப்பதில்லை. அதன் சொந்தக்காரருக்குத்தான் அளிக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். தமிழில் இந்த நோயை எல்லாரும் தேய்மானம் என்கிறோம். மருத்துவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல் காதில் விழுந்த மறுகணமே, செருப்பின் குதிகாலைப் போல, அம்மிக்கல்லைப் போல, பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும் பொருளாக மூட்டு மனத்தில் பதிந்துவிடுகிறது. தேயும் பொருளைக் காப்பாற்றும் வழி அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதானே? எனவே நடையைக் குறைக்கிறார்கள், படியைத் தவிர்க்கிறார்கள், தொடைத் தசை மெலிகிறது, தாங்குவதற்குத் தசை இல்லாத மூட்டு முன்னிலும் அதிகமாக வலிக்கிறது. உண்மையில், மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போது மூட்டுநீர் அதற்குள் போய்வருவதால்தான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. அளவான சுமை அதற்கு உணவு. தேய்மானம் என்ற ஒரு சொல்லே பலரைத் தவறான வழியைத் தேர்ந்தெடுக்க வைத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் ஆசிரியையிடம், "அம்மா, அது தேய்ந்துபோன மூட்டு இல்லை, எரிச்சல் கண்ட மூட்டு, அதைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய தசைதான் சோர்ந்து கிடக்கிறது" என்று சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

இனி ஊசி. ஊசியை மோசமானது என்று நான் சொல்லவில்லை. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு அழற்சியை விரைவாகத் தணிக்கிறது. நிவாரணம் பொதுவாக இரண்டு முதல் பத்து வாரம் வரை நிற்கிறது. மலையேறுவது மட்டுமே குறி என்றால், சரியான வாரத்தில் போட்டுக்கொண்ட ஊசி அந்த நாளைக் கடத்திவிடக்கூடும். இதை மறைப்பது நேர்மையாகாது. கேள்வி அதற்குப் பின்னான பத்து மாதத்தைப் பற்றியது. அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசியும் மறு பிரிவுக்குப் பயிற்சி உள்ளடங்கிய இயன்முறைச் சிகிச்சையும் கொடுத்து ஓராண்டு கவனித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. வலி, இறுக்கம், அன்றாடச் செயல்பாடு ஆகியவற்றைச் சேர்த்து 240 வரை மதிப்பெண் இடும் அளவுகோலில், இரு பிரிவும் ஏறத்தாழ 108இல் தொடங்கின. எண் குறையக் குறைய நிலைமை தேவலை என்று பொருள். ஓராண்டு முடிவில் ஊசிப் பிரிவு சராசரியாக 55.8இலும் பயிற்சிப் பிரிவு 37.0இலும் நின்றன. இரு பிரிவுமே தேறின. பயிற்சிப் பிரிவு தெளிவாக முந்தியது.

ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது. 140 பேரிடம் இரண்டு ஆண்டுக் காலம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டையோ வெறும் உப்புநீரையோ மூட்டுக்குள் செலுத்திப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், வலியில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. குருத்தெலும்பின் இழப்பு மட்டும் ஸ்டீராய்டுப் பிரிவில் அதிகமாக இருந்தது. ஆகவே, ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு ஊசி என்ற பழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

எங்கள் ஊரில் இதற்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. மொரிஷியசில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாள் இரத்தச் சர்க்கரை ஏறும். வழக்கமாக 7, 8 என்று (இங்கே லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் அளக்கிறோம்) காட்டும் கருவி திடீரென்று 15ஐக் காட்டினால் பயந்துபோவார்கள். அந்த நாட்களில் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும் என்று ஊசி போடுபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நோயாளியும் தமக்குச் சர்க்கரை இருப்பதைத் தாமாகவே சொல்ல வேண்டும். மூட்டு மாற்று அறுவையை அடுத்த மூன்று மாதத்துக்குள் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் அந்த மூட்டில் ஸ்டீராய்டு ஊசி வேண்டாம். தொற்றின் ஆபத்து கூடுகிறது.

அப்படியானால் ஊசியை எப்போது ஏற்கலாம்? வலி மிகுதியால் பயிற்சியைத் தொடங்கவே முடியாதபோது. அப்போது ஒரே ஓர் ஊசி, அது தரும் சில வார அமைதியில் தசைக்கு வேலை கொடுத்துவிடலாம். பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: பயிற்சி எல்லாருக்கும்; ஸ்டீராய்டு ஊசியோ பிற வழிகள் பலிக்காதபோது அல்லது பயிற்சிக்குத் துணையாக, குறுகிய காலத்துக்கு.

பயிற்சி என்றதும், படுக்கையில் படுத்துக் காலைத் தூக்கி இறக்குவதும் வெந்நீர் ஒத்தடமும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால்தான் "நானும் செய்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்கிறார்கள். தசை வளர வேண்டுமானால் அதற்குச் சிரமம் தெரிய வேண்டும். ஆசிரியையின் முதல் நாளை அப்படியே சொல்கிறேன். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினேன். எட்டு. அவர் வயதுப் பெண்களுக்குப் பன்னிரண்டு முதல் பதினேழு வரை வழக்கமான அளவு. ஐந்தாவது முறை எழும்போதே வலது முழங்கால் உள்நோக்கிச் சாய்ந்தது. உட்காரும்போது கடைசி ஒரு சாண் தூரத்தைத் தசையால் பிடிக்க முடியாமல் தொப்பென்று விழுந்தார். மலையில் இறங்கும்போது நடப்பதும் இதுதான். உள்ளே அளவுமானி பொருத்திய செயற்கை மூட்டுகளைக் கொண்டு அளந்து பார்த்ததில், சமதரையில் நடக்கையில் முழங்காலில் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கும், படி இறங்குகையில் ஏறத்தாழ மூன்றரை மடங்கும் சுமை விழுவது தெரிந்தது. எல்லாரும் ஏறுவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். முழங்காலுக்குக் கடினம் இறங்குவதில் இருக்கிறது. வலியை ஊசியால் மரத்துப்போகச் செய்துவிட்டு, பிடிக்கத் தெரியாத தசையோடு அந்தப் படிகளில் இறங்குவதை நினைத்தாலே எனக்கு அச்சமாக இருந்தது. அவரிடமும் அதைச் சொன்னேன்.

நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டினேன். எழுவது எப்படியும் போகட்டும், உட்காருவதை நான்கு எண்ணும் வரை மெல்லச் செய்ய வேண்டும். எட்டு முறை, பிறகு இளைப்பாறல், மீண்டும் எட்டு, மீண்டும் எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது, வாசல்படி ஒன்றில் ஏறி அதே காலைப் படியில் வைத்தபடி மற்றக் காலை மெல்லத் தரையில் தொடவிடுவது ஆகியவையும் உண்டு. தலையணையின்றி எளிதாக வரும் நாளில் கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பளு கூடாத பயிற்சி நான்கு வாரத்தில் வெறும் வழக்கமாகிவிடும்.

வலிக்கும் ஒரு விதி வைத்துக்கொள்கிறோம். பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றால் பயிற்சி தவறில்லை, அளவு தவறு. அடுத்த முறை குறைத்துக்கொள்ளலாம். டென்மார்க்கில் 2013இல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் முழங்கால், இடுப்புப் பயிற்சித் திட்டமும் வலியைப் பற்றி இதையேதான் கற்பிக்கிறது: நோயைப் பற்றிய பாட வகுப்பு, அதன்பின் மேற்பார்வையோடு பன்னிரண்டு பயிற்சி அமர்வுகள். ஆசிரியை முதல் வாரமே தொலைபேசியில் அழைத்தார்: "தம்பி, ராத்திரியெல்லாம் குத்துது. நிறுத்திடட்டுமா?" மூன்று சுற்றை இரண்டாக்கினோம். நிறுத்தவில்லை. பலர் கைவிடும் நாள் அதுதான் என்பதால், முதல் இரண்டு வாரம் நோயாளி அழைத்துப் பேச ஒருவர் இருக்க வேண்டும் என்பதைச் சிகிச்சையின் பகுதியாகவே கருதுகிறேன்.

பயிற்சியின் குறையையும் சொல்ல வேண்டும். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும்; பன்னிரண்டு வாரம் கொடுத்தால்தான் நியாயமான சோதனை. விட்டால் போய்விடும். வேலைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவில் நேரம் ஒதுக்குவது எளிதன்று. அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம் என்றாலும் அங்கே போய்வரும் பேருந்துப் பயணமே சிலருக்கு அரை நாளைத் தின்றுவிடும். அவர்களுக்கு வீட்டில் செய்யும் திட்டத்தை எழுதிக் கொடுத்து, மாதம் ஒருமுறை வந்து அளவைக் கூட்டிக்கொள்ளச் சொல்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

எடையைப் பற்றிப் பேசும்போது நோயாளியின் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கணக்காக மட்டும் சொல்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. அதிக எடையுள்ள 454 பேரை 18 மாதம் கவனித்து 2013இல் வெளிவந்த ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே வலியும் செயல்பாடும் மிகவும் தேறின. நாங்கள் உண்ணும் முறையில் சோறு, ரொட்டி, ஃபாரட்டா (எங்கள் ஊர்ப் பரோட்டா) மூன்றும் ஒரே நாளில் வருவதுண்டு. மூன்றில் ஒன்றைக் குறைப்பது சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் சேர்த்தே நல்லது.

இடையில் கிடைக்கும் பிற வழிகளை விரைவாகக் கடந்துவிடலாம். டைக்லோஃபெனாக் ஜெல் தடவுவது நல்ல தொடக்கம். முழங்கால் தோலுக்கு அருகில் இருப்பதால் வேலை செய்கிறது. அதே மருந்தை மாத்திரையாக நாள்கணக்கில் விழுங்குவது சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவரின் சிறுநீரகத்துக்கு ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். பனடோல் (பாராசிட்டமால்) இந்த வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. ஹையலூரோனிக் அமில ஊசியையும் குளுக்கோசமின் மாத்திரையையும் பிரித்தானிய வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்த பிளாஸ்மாவை மூட்டுக்குள் போடும் ஊசிக்கு மக்கள் பெருந்தொகை செலவழிக்கிறார்கள். 288 பேரிடம் அதை உப்புநீரோடு ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் வேறுபாடு காணப்படவில்லை. அந்தப் பணத்தைச் சேமித்து வைக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது அன்றைய இரவுக்கு இதம். அதைத் தடுப்பதில்லை, அதையே சிகிச்சை என்று எண்ண வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கும் ஊன்றுகோல் மலிவானது, உடனே பலன் தருவது. ஆனால் வெட்கத்தால் பலர் அதை ஏற்பதில்லை.

துளைவழியே கருவியை விட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்வதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூட்டழற்சி உள்ள 180 பேரிடம் உண்மையான சுத்திகரிப்பையும், தோலில் வெட்டுமட்டும் போட்டுத் தைத்த போலி அறுவையையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் 2002இல் வெளியிட்டார்கள்; உண்மையான அறுவை போலியைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. பின்லாந்தில் 146 பேரிடம் குருத்தெலும்பு வட்டின் கிழிசலை வெட்டியெடுப்பதைப் போலி அறுவையோடு ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வும் அப்படியே முடிந்தது. 60 வயதானவரின் ஸ்கேனில் வட்டுக் கிழிசல் தெரிவது சாதாரணம். அதைக் காட்டி அறுவைக்கு அழைத்தால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

மூட்டு மாற்று அறுவை இதிலிருந்து முற்றிலும் வேறானது. உரியவருக்கு அது வாழ்வைத் திருப்பித் தருகிறது. மாற்றுவதற்குத் தகுதியான நிலையில் இருந்த 100 பேரில் ஒரு பாதிக்கு அறுவையும் அதைத் தொடர்ந்து பன்னிரண்டு வாரப் பயிற்சியும், மறு பாதிக்குப் பயிற்சித் திட்டம் மட்டும் கொடுத்த டென்மார்க் ஆய்வு 2015இல் வந்தது. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் அறுவைப் பிரிவில் 85 சதவீதம், பயிற்சிப் பிரிவில் 68 சதவீதம். தீவிரமான பக்கவிளைவுகள் அறுவைப் பிரிவில் 24, மறு பிரிவில் 6. பயிற்சி மட்டும் பெற்றவர்களில் கால்வாசிப்பேர் ஓராண்டுக்குள் அறுவைக்கு மாறிக்கொண்டார்கள். இந்த எண்களை நான் இப்படிப் படிக்கிறேன்: மூட்டு முற்றிய நிலையில் அறுவையின் பலன் பெரிது, அதற்கான விலையும் பெரிது, அதே நிலையிலும் முக்கால்வாசிப்பேர் குறைந்தது ஓராண்டு அதைத் தள்ளிவைக்க முடிந்திருக்கிறது.

செயற்கை மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்கிறார்கள். பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துக் கணித்ததில் நூற்றில் 82 மூட்டுகள் 25 ஆண்டு தாண்டுகின்றன. எழுபதைத் தாண்டியவருக்கு வாழ்நாளில் மறுமுறை அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஐந்து. ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஆணுக்கு அது 35 வரை போகிறது. வயது இந்த முடிவில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பது இதிலேயே தெரியும். அறுவை முடிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எதிர்பார்த்த நிறைவு கிடைப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குத் தொற்று ஆபத்து கூடுவதால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை 8 சதவீதத்தைத் தாண்டினால் பல நிபுணர்கள் அறுவையைத் தள்ளிவைப்பார்கள்.

சென்னைக்குப் போய்ச் செய்துகொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. அறுவை ஒருநாள் வேலை; காலை மடக்கவும் நீட்டவும் மீண்டும் பழக்குவது மூன்று மாத வேலை. அங்கே பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பி, இங்கே யாரிடமும் போகாமல் ஆறாவது வாரத்தில் மடங்காத காலோடு வருபவர்களைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். மேலும், அறுவைக்குப் பின் நீண்ட விமானப் பயணத்தில் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்று அறுவை நிபுணரிடம் கேட்காமல் பயணச்சீட்டு வாங்கக் கூடாது. திரும்பிய மறுநாளே இங்கு யார் பயிற்சி கொடுப்பார் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

இனி என் தவறு. ஃபிளாக் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் ஆயுள் முழுதும் வேலை செய்த ஒரு பெரியவர், வயது 74, இரு முழங்காலும் வெளிப்புறமாக வளைந்த நிலையில் என்னிடம் வந்தார். "மோ ஸெனூ பே ஃபேர் மால்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதவர். முழங்கால் வலிக்கிறது என்பது பொருள். பயிற்சியின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையால் அவரை எட்டு மாதம் பயிற்சியிலேயே வைத்திருந்தேன். கொடுத்ததையெல்லாம் சொல் தட்டாமல் செய்தார். ஒருநாள் அவருடைய மகள், "அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வாசல்ல உட்கார்ந்திருக்காரு. இன்னும் எத்தனை மாசம்?" என்று கேட்டபோதுதான், நான் அவருடைய உறக்கத்தைப் பற்றி மாதக்கணக்காகக் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. மூன்றாம் மாதமே அவரை அறுவை நிபுணரிடம் அனுப்பியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் முதலில் ஒரு காலுக்கும் பிறகு மற்றதற்கும் அறுவை நடந்தது. அதற்கு முன் அவர் கேட்ட ஒரே கேள்வி, பூசையறையில் சம்மணமிட்டு உட்கார முடியுமா என்பதுதான். முடியாது, செயற்கை மூட்டு அந்த அளவுக்கு எளிதில் மடங்காது, மண்டியிடுவதும் கடினமாக இருக்கும் என்று சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, முக்காலி போட்டுக்கொள்கிறேன் என்றார். இப்போது முக்காலியில் அமர்ந்துதான் தேவாரம் சொல்கிறார், இரவில் உறங்குகிறார்.

அவரிடம் கற்றுக்கொண்டபின் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சிலவற்றை எழுதிவைத்துக்கொள்கிறேன்: எத்தனை இரவு வலியால் விழிக்கிறார், நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறார், முப்பது நொடியில் எத்தனை முறை எழுகிறார், எந்த ஒரு வேலையை மீண்டும் செய்ய ஆசைப்படுகிறார். பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தபின் அதே நான்கையும் மறுபடி பார்க்கிறேன். எண்கள் தேறி, ஆசைப்பட்ட வேலையும் கைகூடியிருந்தால் அதே வழியில் போகலாம். எண்கள் தேறியும் உறக்கம் கெட்டே இருந்தால், அல்லது வளைவு கூடிக்கொண்டே போனால், படத்திலும் மாற்றம் முற்றியிருந்தால், அறுவை நிபுணரைப் பார்ப்பதற்கு அதுவே நேரம். செய்த பயிற்சி வீணாவதில்லை. வலுவான தொடையோடு அறுவைக்குப் போகிறவர் விரைவாக எழுந்து நடப்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். முதல் நாளே பயிற்சியைத் தொடங்க முடியாத அளவுக்கு வீக்கமும் வலியும் இருந்தால் ஓர் ஊசிக்கு மருத்துவரிடம் அனுப்புவேன்; அதோடு அடுத்த வாரமே பயிற்சிக்கு வரும் நாளையும் குறித்துக் கொடுப்பேன்.

ஆசிரியை ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கிருந்த வலி பயிற்சியைத் தடுக்கும் அளவுக்கு இல்லை, சர்க்கரையும் இருந்தது, ஒன்பது வாரமும் கையில் இருந்தது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் முப்பது நொடியில் பன்னிரண்டு முறை எழுந்தார். எடை இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைக்க வேண்டும் என்று என் அறை வாசலில் இருந்த மூன்று படிகளில் பலமுறை பழகினார். பால்குடத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, இடக்கையில் ஊன்றுகோலோடு மலையேறினார். இறங்க ஏறியதைவிட அதிக நேரம் ஆனது. வழியில் நான்கு இடத்தில் நின்றார். மறுநாள் முழங்கால் சற்று வீங்கியிருந்தது, இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம் கொடுத்தார். திங்கட்கிழமை காலை வந்து, தலையணையை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "எத்தனை தடவை தம்பி, எட்டா பத்தா?" என்று கேட்டார்.